திசை தெரிந்தது, தூரம் தெரியவில்லை

என் அன்பான அண்ணாவுக்கு,

உங்கள் முதல் வருஷ நினைவுப் பூசை நல்லபடியாக முடிந்தது. வந்திருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. பங்குச் சாமியார், பாட்டு எடுத்துக் கொடுக்க உபதேசியார், நான், என் வீட்டுக்காரரான உங்கள் மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக் காளியம்மா, அவள் இடுப்பில் கைக்குழந்தை, செங்கத்திலிருந்து உங்களோடு விமானப்படையில் வேலை பார்த்த முனுசாமி அண்ணன். மொத்தம் ஏழு பேர்.

"கொழந்தையக்கூடவா கணக்குல சேத்துக்கினே?" என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டார்.

"அது பூசை முடியற வரைக்கும் முழிச்சிக்கினு இருந்துச்சு. நீங்க ரெண்டு தடவ தூங்கினீங்க. யாரை எடுத்துடட்டும், சொல்லுங்க" என்றேன். சாமியார் மேலாடையை மடித்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

ஏழு பேரில் அண்ணி இல்லை. வருவார்கள் என்று பாயில் என் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடிகிறவரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்கு ஆண்டவர் மன்னிக்கட்டும். நீங்கள் போனபிறகு அண்ணி, கடைசியாக நீங்கள் இருவரும் இருந்த பெங்களூரிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு, தையல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தனியாகத்தான் இருக்கிறார்கள். ஐந்து மாதமாக அவர்களிடமிருந்து எனக்குக் கடிதம் இல்லை.

என் நோட்டு உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் வீட்டுக் கணக்கு, பின்பக்கம் கடிதக் கணக்கு. எந்தத் தேதியில், யாரிடமிருந்து, எத்தனை வரி. ஒரு லீவில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, என் கடுதாசிய நிறுத்தி எடை போட்டு வாங்குறியா?" என்று கேட்டீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு வரியும் பாடம்தானே, எண்ணாமல் எப்படி இருப்பேன்? அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு கடிதத்தை முடிக்க சில சமயம் இரண்டு நாள் ஆகும்.

ரேடார் என்றால் என்ன என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. நெல்லிவாசல் போகிற வழியில் பெரிய பாறைக்கு எதிரே உங்கள் மாப்பிள்ளையிடம் ஜீப்பை நிறுத்தச் சொன்னீர்கள். வாயில் கையை வைத்து ஒரு கூ போட்டீர்கள். அது பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

"எவ்ளோ நேரம் கழிச்சித் திரும்பி வருதுன்னு எண்ணினா, பாறை எவ்ளோ தூரம்னு சொல்லிடலாம். அவ்ளோதான் ரேடார். சத்தத்துக்குப் பதிலா ரேடியோ அலை. மேகம் இருந்தாலும் போவும், இருட்டா இருந்தாலும் போவும்."

"நீங்க கூ போட்டா பாறைக்கு மட்டுமா கேக்கும்? புதர்ல இருக்கிற கரடிக்கும் கேக்குமே அண்ணா."

நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அதேதான் அதோட கஷ்டம்" என்றீர்கள். எதிரி விமானத்தில் ஒரு பெட்டி இருக்குமாம். நம் அலை அதன்மேல் பட்டதுமே கீ கீ என்று கத்திவிடுமாம், உன்னை ஒருத்தன் பார்க்கிறான் என்று. பார்க்கிறவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்பதும் தெரிந்துபோகுமாம். உங்கள் மாப்பிள்ளை பயந்துபோய், "மச்சான், இதெல்லாம் ரகசியம் இல்லியா?" என்று ஜீப்புக்குள் தலையை இழுத்துக்கொண்டார். "எல்லாம் புஸ்தகத்துல இருக்கு மாப்ள, வண்டிய எடு" என்றீர்கள்.

அப்போதுதான் இன்னொன்றைப் பற்றியும் சொன்னீர்கள். வெப்பக் கண். அது கூவாது. எதையும் அனுப்பாது. தூரத்து விமானத்தின் இன்ஜின் சூட்டைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும். பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று நான் தொடாமல் மேலே கை காட்டித் தெரிந்துகொள்வது போல, என்றேன். ஆமாம் என்றீர்கள். அந்த நிமிஷமே நான் அதன் கட்சிக்குப் போய்விட்டேன்.

எத்தனை வருஷம் சண்டை போட்டோம் அண்ணா! நீங்கள் ரேடார் பழுது பார்க்கிறவர், அதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். நான் இங்கே அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு வெப்பக் கண்ணுக்காக வக்காலத்து வாங்குவேன். "உன் கண்ணு சூரியனைப் பாத்தா குழம்பிப்போவும். மேகம் வந்தா குருடு" என்று எழுதுவீர்கள். "உங்க ரேடார் கல்யாண மோளம் மாதிரி, ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத்தான் கிளம்பும்" என்று நான் எழுதுவேன். அந்த மாதிரிக் கடிதங்கள்தான் நாற்பது வரியைத் தாண்டும்.

காளியம்மா வீட்டுப் பலாமரம் நினைவிருக்கிறதா? நீங்கள் லீவில் வந்திருந்த ஒரு ஜூன் மாதம். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, "அந்த மரத்துல ஒண்ணு பழுத்திருக்கு" என்றேன். "எது?" என்றீர்கள். மரத்தில் இருபது காய் தொங்கியது. எனக்குத் தெரியவில்லை. நீங்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டீர்கள். டங் டங் என்றவையெல்லாம் காய். தொப் என்ற ஒன்று பழம். சத்தம் கேட்டுக் காளியம்மா வெளியே வந்துவிட்டாள்.

"இன்னா சார், எங்க மரத்துக்கும் ரேடாரா?"

கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள் முழித்த முழியைச் சொல்லி அவள் இப்போதும் சிரிக்கிறாள். "கேட்டா குடுத்திருப்பேனே சார், எதுக்குத் திருட்டுத்தனமா தட்டினீங்க?" என்று அந்தப் பழத்தை அவளே அறுத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டீர்கள், ஆனால் பழம் உங்களுக்குத்தான் கிடைத்தது என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. பார்த்தீர்களா, தட்டினால் மாட்டிக்கொள்வீர்கள் என்று சாயந்திரம் வரை சொல்லிக்காட்டினேன்.

அடுத்த கடிதத்தில் பழிக்குப் பழி வாங்கினீர்கள். "உன் வெப்பக் கண்ணுக்கு ரெண்டு குறை இருக்கு தங்கச்சி. ஒண்ணு, திசை தெரியும், தூரம் தெரியாது. பக்கத்துல இருக்கிற சின்ன நெருப்பும் தூரத்துல இருக்கிற பெரிய நெருப்பும் அதுக்கு ஒண்ணு. ரெண்டு, அடுத்தவன் சூட்டைப் பாக்கணும்னா அந்தக் கண்ணு மொதல்ல தன்னைத்தானே குளிர வெச்சிக்கணும். நம்ம மார்கழியெல்லாம் பத்தாது, அதைவிட எவ்ளோவோ மடங்கு."

அதைப் படித்து நான் பெருமைப்பட்டேன். உண்மையாகச் சொல்கிறேன். எனக்கு அது நல்ல குணமாகத் தெரிந்தது. பதறக் கூடாது, கேள்வி கேட்டுக் குடையக் கூடாது, மனசை ஆறவைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மீதியை ஜெபத்தில் சொல்ல வேண்டும். நம் அம்மா அப்படித்தான் இருந்தார்கள். நம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வாய்விட்டுக் கேட்க மாட்டோம். கஞ்சி வைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்போம். அவ்வளவுதான்.

இப்போது நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் இருந்த கடைசி வருஷத்தில் உங்கள் கடிதங்கள்: நாற்பத்திரண்டு வரி. முப்பத்தாறு. இருபத்து மூன்று. பதினொன்று. இருபத்து மூன்று வரிக் கடிதத்தில் எழுத்து ஓரத்துக்குப் போகப் போகக் கீழே சரிந்திருந்தது. பதினொரு வரிக் கடிதத்தைப் பிரித்ததும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை அடித்தது. மேலே விலாசம் அண்ணியின் கையெழுத்து.

எனக்குத் தெரிந்துவிட்டது அண்ணா. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பலாப்பழத்தைத் தெரிந்துகொண்ட மாதிரியே தெரிந்துவிட்டது. நோட்டில் எழுதினேன். மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபம், நவநாள் தொடங்கினேன். ஆனால் உங்களுக்கு எழுதிய பதிலில் உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப்பின் கிளட்ச் போன கதை எழுதினேன். காளியம்மா முழுகாமல் இருப்பதை எழுதினேன். இந்த வருஷம் சாமை நன்றாக விளைந்திருக்கிறது என்று எழுதினேன்.

ஏன் கேட்கவில்லை? நீங்கள் மறைக்கிறீர்கள் என்று தெரிந்தது. கேட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுமே, அந்தப் பெட்டி கத்துமே என்று நினைத்தேன். உங்கள் மறைப்பை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த லீவில் வரும்போது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன். நோய் எந்தப் பக்கம் என்று தெரிந்த எனக்கு, எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் ஜெபம் முடிந்து எழுந்தபோது தந்தி வந்தது. ஒன்பதாம் நாளை பெங்களூர் பஸ்ஸில் சொல்லி முடித்தேன்.

இன்றைக்குப் பூசை முடிந்து எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். காளியம்மா இரண்டு பலாப்பழம் கொண்டுவந்திருந்தாள், ஒன்றை அறுத்தோம். உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது அண்ணா, அதைச் சொல்லத்தான் முனுசாமி அண்ணன் அவ்வளவு தூரம் மலை ஏறி வந்தார் போலிருக்கிறது. படைக்குப் புது விமானம் வந்திருக்கிறதாம். விமானி உட்காரும் கண்ணாடிக்கு முன்னால் கோலிக்குண்டை உப்ப வைத்த மாதிரி ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறதாம். வெப்பக் கண்!

"என் ஜீப்புக்கு அதுல ஒண்ணு தேறுமாண்ணே? வளைவுல மாடு படுத்திருக்கிறது தெரிஞ்சா போதும்" என்றார் உங்கள் மாப்பிள்ளை.

"மூடுபனி வந்துட்டா அதுக்கும் கண்ணு தெரியாது, மாப்ள" என்றார் முனுசாமி அண்ணன்.

"அப்ப ஆரன் அடிக்க வேண்டியதுதான். நம்ம ஆரன்தான்."

"அப்ப ரேடாரை எடுத்துட்டாங்களாண்ணே?" என்று கேட்டேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு சின்ன ஆசை எனக்கு. உங்களிடம் மறைக்க முடியாது.

"எடுப்பாங்களா? மூக்குக்குள்ள ரேடார் அப்படியே இருக்கு. மேல உருண்டை. ரெண்டும் ஒரே மூக்குல."

அந்த ஒரே மூக்கை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்களும் நானும் அத்தனை கடிதம் எழுதிச் சண்டை போட்டதற்கு, யாரோ எங்கோ உட்கார்ந்து இரண்டையும் ஒரே இடத்தில் மாட்டிவிட்டார்கள்.

"தூரம்? வெப்பக் கண்ணுக்குத் தூரம் தெரியாதே" என்றேன்.

முனுசாமி அண்ணன் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதுக்கு வழி பண்ணியிருக்காங்கம்மா. உருண்டை கம்முனு பாத்துக்கினே இருக்கும். கிட்ட வந்துட்டா, தூரம் தெரியணும்னா, நூல் மாதிரி ஒரு வெளிச்சத்தை விடும். லேசர்னு பேரு. ஒரே ஒரு தடவ போய்ட்டு வரும். ரேடார் மாதிரி வானம் பூரா கூவாது. யாரைப் பாக்குதோ அவங்களுக்கு மட்டும் போற கேள்வி."

அதைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கும் ஒரு வருஷமாக மனசில் கிடந்திருக்கிறது.

"ஒண்ணு சொல்லட்டுமா தங்கச்சி? ஆஸ்பத்திரியில இருக்கறப்ப அவரு உன் லெட்டர் வந்தா அவரேதான் பிரிப்பாரு. வேற யாரும் தொடக் கூடாது. பிரிச்சி, மேலருந்து கீழ ஒரு ஓட்டு ஓட்டுவாரு. அப்பறம் என்கிட்ட சொல்வாரு, 'லூர்து ஒரு வார்த்தை கேட்டான்னா எல்லாத்தையும் சொல்லிடுவேன் முனுசாமி. நானா எப்படி ஆரம்பிக்கிறது? அவ கேக்கவே மாட்டேங்கிறாளே'ன்னு. அப்பறம் உக்காந்து கிளட்ச் கதையைப் படிச்சி சிரிப்பாரு."

காளியம்மா குழந்தையின் வாயில் ஒட்டியிருந்த பலாப்பாலை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். உங்கள் மாப்பிள்ளை எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நீங்கள் காத்திருந்தீர்களா அண்ணா? அந்தப் பெட்டி கத்த வேண்டும் என்றுதான் காத்திருந்தீர்களா? மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிற மனுஷர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழித்தீர்களே, மாட்டிக்கொண்டதால்தானே பழம் கிடைத்தது, அன்றைக்காவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

எல்லாரும் போனபிறகு நோட்டை எடுத்தேன். உங்கள் பக்கத்துக்கு அடுத்த பக்கம் அண்ணியின் பக்கம். நீங்கள் போனபிறகு அண்ணி எழுதியவை: இருபத்தெட்டு வரி. பதினேழு. ஒன்பது. நான்கு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான்கு வரிக் கடிதத்தில், "நீங்களெல்லாம் நல்லா இருந்தா சரி" என்று ஒரு வரி. நீங்களெல்லாம் என்கிற வார்த்தைக்குள் அண்ணி இல்லை.

இந்த ஒரு வருஷமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அண்ணிக்காக நவநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வரி குறைவதை எழுதி வைத்தேன். அவர்களுக்கு எழுதின கடிதங்களில் மழையைப் பற்றி எழுதினேன். அதே தப்பு, அதே கையால், அதே நோட்டில். ஒரு பக்கம் தள்ளி.

ஜெபத்தை நான் விடப்போவதில்லை, அதை நீங்களும் கேட்க மாட்டீர்கள். ஆனால் ஆண்டவர் எனக்கு வாயும் கொடுத்திருக்கிறார், அதையும் அவர்தான் கொடுத்தார். அண்ணி என்மேல் கோபமாக இருக்கலாம். நீங்கள் இருந்தவரைதான் நாத்தனார் உறவு என்று நினைத்திருக்கலாம். தனியாகக் காய்ச்சலில் படுத்திருக்கலாம். இல்லை, நான் ஒரு வார்த்தை கேட்பேனா என்று அவர்களும் என் கடிதங்களை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு இதில் எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இனிமேல் நடிக்க மாட்டேன்.

பூசைக்கு வந்த சாமியார் பங்குப் பத்திரிகையில் போட உங்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார். இந்தக் கடிதத்தையே தரலாம் என்று இருக்கிறேன். என்னைப் போல் கஞ்சி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறவர்கள் நம் பங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் படிக்கட்டும். ஆனால் அச்சில் வருவது பாறைக்கு முன்னால் போடுகிற கூ. அதனால் முதலில் என் கையால் எழுதிய பிரதி அண்ணிக்குப் போகும். அவர்கள் சரி என்றால்தான் சாமியாரிடம் கொடுப்பேன்.

மீதியிருந்த ஒரு பலாப்பழம் அடுப்படி மூலையில் இருந்தது. சாயந்திரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினேன். காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாக்கா, நீ தட்டுறே? உனக்குத்தான் வாசனையிலயே தெரியுமே?" என்று கேட்டாள். "எவ்ளோ நாள் தாங்கும்னு வாசனையில தெரியாதுடி" என்றேன். டங் என்றது. இன்னும் நான்கைந்து நாள் தாங்கும்.

உங்களுக்கு ஒன்று வாக்குக் கொடுக்கிறேன் அண்ணா. இனி நான் எண்ணுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் போகிற பதிலில் ஒரு கேள்வியாவது இருக்கும், நேராக, அவர்களுக்கு மட்டும். அண்ணியைத் தனியாக விட மாட்டேன். ஆயிரம் வரி எழுதி உங்களோடு சண்டை போட்டவள் இந்த ஒன்றில் தோற்றுப்போகிறேன், சந்தோஷமாக. மோட்சத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

கேட்காமல் விட்ட உங்கள் தங்கச்சி,
லூர்து

அண்ணிக்கு: மேலே எழுதியிருப்பதை எல்லாம் படித்திருப்பீர்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி தூக்கம் வருகிறதா? சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இல்லை டீயும் பன்னுமாக ஓட்டுகிறீர்களா? என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள், எத்தனை வரி ஆனாலும் சரி. வரச் சொன்னால் அவரும் நானும் இந்தப் பழத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். பழம் நாலைந்து நாள்தான் தாங்கும். பதில் சீக்கிரம் போடுங்கள்.